நம்பர் மாறினாலும் பெயர் மாறாது: வீட்டு கேம் சர்வருக்கு டொமைன் வைத்த அனுபவம்

“மாமா, சர்வர் செத்துப் போச்சு” என்று அக்கா மகனிடமிருந்து செய்தி வரும். போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றில் எங்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு உலகம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாறியிருப்பது வீட்டின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் எங்கள் வீட்டைக் குறிக்கும் நம்பர். ரவுட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்தாலே இணைய நிறுவனம் புது நம்பர் கொடுத்துவிடும். உடனே அந்த நம்பரைத் தேடி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். எட்டுப் பேரில் மூன்று பேர் பழைய நம்பரையே அடித்துவிட்டு “வரலையே” என்பார்கள். மறுபடி போடுவேன்.

இப்படி ஐந்தாறு தடவை ஆனதும், நம்பருக்குப் பதிலாக அடிக்கக்கூடிய இணையப் பெயர், அதாவது டொமைன் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. அதில் பெயர் தொடர்பான வேலை அரை மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் பெயரின் மேல் பழியைப் போட்டுவிட்டு, வேறு எங்கோ இருந்த கோளாறைத் தேடியதுதான்.

டொமைன் வாங்குவதில் சொல்ல அதிகம் இல்லை. காதால் கேட்டவர் பிழையில்லாமல் அடிக்கக்கூடிய பெயராக இருக்கட்டும். நடுவில் சிறுகோடும், எழுத்தா எண்ணா என்று குழப்பும் சுழியமும் வேண்டாம். விளையாட்டின் நடுவே குரல் அரட்டையில் ஒருவருக்கு முகவரி சொல்லும்போது இதன் அருமை தெரியும். முதல் வருட விலையில் மயங்கிவிடாமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். சில வகை டொமைன்களில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உங்கள் பெயர், விலாசத்தை மறைத்துவைக்கும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். வாங்கியதும், மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்று கேட்டு ஓர் அஞ்சல் வரும். டாட் காம் மாதிரியான பொதுப் பெயர்களுக்கு, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதி இது: 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படலாம். எனக்கு வந்த அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் வேலை செய்த பெயர் திடீரென்று ஒரு நாள் காணாமல் போனது. ரவுட்டரைக் கழற்றி மாட்டி, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைத் திறந்து மூடி மூன்று மணி நேரம் போராடிய பிறகுதான் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். சொடுக்கியதும் கொஞ்ச நேரத்தில் உயிர் வந்துவிட்டது. முழுக்க என் தவறுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வைப்பது என்றால் என்ன நடக்கிறது என்பதையே நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். பெயரைக் கேட்டால் நம்பரைத் தரும் இணைய ஏடுதான் டிஎன்எஸ். அதில் ‘ஏ ரெக்கார்டு’ என்று ஒரு பதிவு உண்டு. “இந்தப் பெயரா? இந்த ஐபிவி4 முகவரிக்குப் போ” என்பதோடு அதன் வேலை முடிந்தது. எந்தப் போர்ட் (கணினியில் ஒவ்வொரு நிரலும் காத்திருக்கும் கதவு எண்), எந்த விளையாட்டு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நானோ டிஎன்எஸ் பக்கத்தில் முகவரி கேட்கும் பெட்டியில் முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 25565 என்று போர்ட் எண்ணையும் சேர்த்து அடித்து, “செல்லாத மதிப்பு” என்று வந்ததும் அந்தத் தளத்தைத்தான் திட்டினேன். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சொல்கிற இடத்தில் எந்த அறையின் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் எழுதப் பார்த்திருக்கிறேன்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் போர்ட் எண்ணைச் சொல்லாவிட்டால் விளையாட்டே 25565 என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் சர்வருக்கு வெறும் பெயரே போதுமாக இருந்தது. நான் அதை டிஎன்எஸ் செய்த மாயம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது சர்வரை வைத்தபோது அந்த நினைப்பு என்னைக் கவிழ்த்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இன்று யாராவது என்னிடம் கேட்டால், டொமைனைத் தொடுவதற்கு முன் இதைச் செய் என்பேன். முதலில் அதே வீட்டில் இன்னொரு கணினியிலிருந்து 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை வைத்து நுழைந்து பார். நுழைய முடிந்தால் சர்வர் சரி. அடுத்து வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கணினியை இணைத்து, வீட்டின் வெளி ஐபி நம்பரை வைத்து நுழைந்து பார். அதுவும் சரியானால் ரவுட்டரும், வெளியிலிருந்து வருவதைச் சர்வர் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் சரி. இவை இரண்டும் தேறிய பிறகுதான் பெயர். நம்பரில் வேலை செய்யாதது பெயர் வைத்ததும் வேலை செய்துவிடாது. நான் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்து மூன்றிலும் மாட்டிக்கொண்டேன். போதாக்குறைக்கு ரவுட்டர் அந்த லேப்டாப்புக்குத் தந்த உள்முகவரியும் ஒரு நாள் மாறிவிட, ஃபார்வர்டிங் விதி வீட்டிலிருந்த பிரிண்டரை நோக்கி நின்றது. மைன்கிராஃப்ட் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பிரிண்டர் என்ன பதில் சொல்லும்? சர்வர் கணினிக்கு ரவுட்டரிலேயே நிரந்தர உள்முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

விளையாட்டு காட்டும் பிழைச் செய்திகளை ஒழுங்காகப் படித்திருந்தாலே பாதி நாள் மிச்சமாகியிருக்கும். ‘அன்னோன் ஹோஸ்ட்’ என்று வந்தால் பெயருக்கு விடையே கிடைக்கவில்லை. டிஎன்எஸ் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெயர் ஏதோ ஒரு கணினி வரை கொண்டுபோய்விட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. பெரும்பாலும் சர்வர் நின்றிருக்கும், அல்லது போர்ட் எண் தப்பு. ‘டைம்டு அவுட்’ என்றால் தட்டித் தட்டிக் கை வலித்தும் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. ஃபயர்வால் தடுத்திருக்கலாம், ஃபார்வர்டிங் இல்லாமல் இருக்கலாம், பெயர் பழைய நம்பரையே காட்டிக்கொண்டிருக்கலாம். நான் இந்த மூன்றையும் “வேலை செய்யலை” என்ற ஒரே வார்த்தைக்குள் போட்டு வைத்திருந்தேன்.

என் முதல் ‘அன்னோன் ஹோஸ்ட்’ ஒரு சில்லறைப் பிழை. ரெக்கார்டின் பெயர் என்று கேட்ட இடத்தில் டொமைனோடு சேர்த்து முழுப் பெயரையும் அடித்தேன். அந்தப் பக்கமோ தானாகவே பின்னால் டொமைனை ஒட்டிக்கொள்ளும் வகை. விளைவு, டொமைன் இரண்டு முறை வந்த ஒரு பெயர் உருவாகியிருந்தது. டொமைனுக்கு முன்னால் ‘ப்ளே’ என்ற துணைப்பெயர் வேண்டுமென்றால் பல இடங்களில் ‘ப்ளே’ என்று மட்டும் அடித்தால் போதும்.

திருத்திய பிறகும் எனக்கு மட்டும் வரவில்லை, மற்றவர்களுக்கு வந்தது. காரணம் என் அவசரம். ரெக்கார்டை உருவாக்குவதற்கு முன்பே பத்துத் தடவை அந்தப் பெயரைச் சோதித்திருந்தேன். “அப்படி ஒரு பெயரே இல்லை” என்ற விடையையும் டிஎன்எஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனின் பொது அமைப்புகளை வைத்திருக்கும் எஸ்ஓஏ ரெக்கார்டு சொல்லும். என்னுடையதில் அது ஒரு மணி நேரம். ஆகவே முதலில் ரெக்கார்டை எழுதுங்கள், பிறகு கேளுங்கள். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ சேர்த்து ஓட்டினால் உங்கள் கணினியின் நினைவு அழியும், ஆனால் வழியில் இருக்கும் டிஎன்எஸ் சர்வரின் நினைவு அழியாது. ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையில் 1.1.1.1, 8.8.8.8 என்று வேறு வேறு டிஎன்எஸ் சர்வர்களைக் கேட்டுப் பார்த்தால் யாரிடம் பழைய விடை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நேர்மாறான கூத்து. வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் பெயரை வைத்து ஜாலியாக நுழைந்தார்கள். சர்வர் இருக்கும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு ‘டைம்டு அவுட்’. பெயர் என் வீட்டு வெளிமுகவரியைத் தருகிறது. என் கணினி வெளியே போய்த் தன் வீட்டுக் கதவையே தட்டப் பார்க்கிறது. சில ரவுட்டர்களுக்கு அப்படி யூ-டர்ன் போட்டு உள்ளே திருப்பிவிடத் தெரியாது. ‘நாட் லூப்பேக்’ அல்லது ‘ஹேர்பின்’ என்று அந்த வசதிக்குப் பெயர். என் ரவுட்டரில் அது இல்லை. டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கு எதிரே உள்முகவரியை எழுதிச் சமாளித்தேன். பிறகு அதே லேப்டாப்பில், வீட்டுக்கான டிஎன்எஸ் சர்வராக இயங்கும் பை-ஹோல் நிரலைப் போட்டு, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் உள்முகவரியைத் தரும்படி செய்தேன். அதுதான் சரியான வழி. ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிட்டு வேறு இடத்துக்கு அந்தக் கணினியைக் கொண்டுபோனால் ஏன் நுழைய முடியவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். சொறிந்திருக்கிறேன்.

நம்பர் மாறும் பிரச்சினைக்குத்தானே இதெல்லாம்? அதற்கான மருந்து, நம்பர் மாறும்போதெல்லாம் ரெக்கார்டைத் தானாகத் திருத்தும் டைனமிக் டிஎன்எஸ். சில ரவுட்டர்களிலேயே இருக்கும், ‘டிடிகிளையன்ட்’ மாதிரி தயாராகக் கிடைக்கும் நிரல்களும் உண்டு. நான் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டேன். வெளிமுகவரி என்ன என்று ஒரு தளத்தைக் கேட்கும், மாறியிருந்தால் நிரல்களுக்கென்று இருக்கும் டிஎன்எஸ் ஏபிஐ வழியாக ஏ ரெக்கார்டைத் திருத்தும். ஒரு நாள் அந்தத் தளம் நம்பருக்குப் பதில் பிழைப் பக்கம் ஒன்றை அனுப்ப, ஸ்கிரிப்ட் அதையே முகவரி என்று நினைத்து எழுதப் போய், மறுக்கப்பட்டு, இரவு முழுக்க அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. வந்த விடை ஐபி முகவரி வடிவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி சேர்த்ததும் சரியானது. ஸ்கிரிப்ட்டின் சாவியான ஏபிஐ டோக்கனுக்கு அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸை மாற்றும் உரிமை மட்டும் கொடுங்கள். பத்துப் பேர் வந்து போகும் கேம் சர்வர் கணினியில் முழுக் கணக்கின் சாவியை வைப்பது நல்லதல்ல. ஒரு விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 300 வினாடி என்று வைத்தேன். நம்பர் மாறினால் ஸ்கிரிப்ட்டுக்கு ஐந்து நிமிடம், பழைய விடை மறக்க ஐந்து நிமிடம். பத்து நிமிடம் பொறுக்க முடியாத அளவுக்கு எங்கள் கூட்டம் மோசமில்லை.

இப்போது அந்த இரண்டாவது சர்வர். அக்கா மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் கிரியேட்டிவ் உலகம் ஒன்று தனியாக வேண்டுமாம். அதே லேப்டாப்பில் 25566 போர்ட்டில் வைத்தேன். ‘கட்டு’ என்று தொடங்கும் புதுத் துணைப்பெயருக்கு ஏ ரெக்கார்டு போட்டேன். அந்தப் பெயரை அடித்தால் பழைய சர்வைவல் உலகத்துக்குள்ளேயே போய் இறங்கினான். “மாமா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க” என்றான். அவன் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று அப்போது புரியவில்லை. இரண்டு பெயர், ஒரே முகவரி, போர்ட் சொல்லாததால் இரண்டுக்கும் 25565.

இதற்குத்தான் எஸ்ஆர்வி ரெக்கார்டு. முகவரியோடு கதவு எண்ணையும் சொல்லக்கூடிய டிஎன்எஸ் பதிவு இது. பெயர் பகுதியில் அண்டர்ஸ்கோரோடு மைன்கிராஃப்ட், புள்ளி, அண்டர்ஸ்கோரோடு டிசிபி, புள்ளி, அப்புறம் உங்கள் துணைப்பெயர் என்று வர வேண்டும். மதிப்பில் நான்கு விஷயம்: முன்னுரிமை, எடை, போர்ட், இலக்கு. ஒரே சர்வர் என்றால் முதல் இரண்டும் 0 என்று விட்டுவிடலாம். போர்ட் 25566. இலக்கில்தான் நான் சறுக்கினேன். அங்கே ஐபி நம்பர் போடக் கூடாது, ஏ ரெக்கார்டு உள்ள ஒரு பெயர்தான் போட வேண்டும். சிநேம் வழியாக வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் பெயரும் கூடாது என்பது விதி. நான் ஏ ரெக்கார்டு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, எல்லா எஸ்ஆர்வியும் அதையே காட்டும்படி செய்தேன். நம்பர் மாறினால் ஸ்கிரிப்ட் திருத்த வேண்டியது ஒரே இடம். சும்மா வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு பின்னால் பெரிதாகக் கைகொடுத்தது.

எஸ்ஆர்வி எல்லா விளையாட்டுக்கும் செல்லாது. விளையாட்டு அதைத் தேடிப் படித்தால்தான் பயன். மைன்கிராஃப்ட் ஜாவா படிக்கும், அதன் இன்னொரு பதிப்பான பெட்ராக் படிக்காது. பெட்ராக்கில் சேரும்போது போர்ட் எண்ணைக் கேட்கும் பெட்டி தனியாக இருக்கும், 19132 என்பது அதில் இயல்பாக இருக்கும் எண். வால்ஹைம் என்ற விளையாட்டுக்கு அது 2456, டெராரியா என்ற விளையாட்டுக்கு 7777. போர்ட்டை மாற்றாமல் விட்டால் நண்பர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கும் வேலை குறையும். விளையாட்டு தகவல் அனுப்பும் முறை டிசிபியா யுடிபியா என்பதிலும் கவனம் தேவை. மைன்கிராஃப்ட் ஜாவாவும் டெராரியாவும் டிசிபி. பெட்ராக்கும் வால்ஹைமும் யுடிபி. வால்ஹைமுக்கு நான் ரவுட்டரில் டிசிபியை மட்டும் திறந்துவிட்டு, போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் தளம் ஒன்றில் பார்த்து அரை நாள் குழம்பினேன். அந்த மாதிரித் தளங்களில் பல டிசிபியை மட்டுமே சோதிக்கும். யுடிபி விளையாட்டுக்கு நண்பர் ஒருவரை நுழையச் சொல்வதுதான் நம்பகமான சோதனை.

ஜாவா பதிப்பில் இன்னொரு வழியும் உண்டு. நுழையும்போதே விளையாட்டு தான் எந்தப் பெயரை வைத்து வந்தது என்பதைச் சர்வருக்குச் சொல்லிவிடும். வெலாசிட்டி போன்ற ப்ராக்ஸியை, அதாவது நடுவில் நின்று கைமாற்றிவிடும் நிரலை, 25565இல் வைத்தால், பெயரைப் பார்த்து உள்ளே அந்தந்த உலகத்துக்குப் பிரித்து அனுப்பும். ஒரே போர்ட் திறந்தால் போதும். ஐந்தாறு உலகம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்லது. இரண்டுக்கு எஸ்ஆர்வியே போதும் என்று விட்டுவிட்டேன்.

இணையதளங்களைப் பாதுகாக்கும் ப்ராக்ஸி பொத்தான் ஒன்று சில டிஎன்எஸ் பக்கங்களில் இருக்கும். “பாதுகாப்பு” என்று பார்த்ததும் இயக்கிவிட்டேன், உடனே எல்லாரும் வெளியே. அது வலைப்பக்கங்களுக்கானது, விளையாட்டுப் போக்குவரத்தை அப்படியே கடத்திவிடாது. கேம் சர்வர் பெயருக்கு அது அணைந்திருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் வீட்டு ஐபி முகவரி அந்தப் பெயரைக் கேட்கும் எவருக்கும் தெரியும். டொமைன் அதை மறைக்காது. 25565 போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் நிரல்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சர்வர் திறந்த முதல் இரவே முன்பின் தெரியாத பெயர்கள் சர்வரின் பதிவேடான லாகில் வந்தன. அனுமதித்தவர்களை மட்டும் உள்ளே விடும் வொயிட்லிஸ்ட் போடாமல் சர்வரைத் திறக்காதீர்கள். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிடும் ஆர்கான் போர்ட்டான 25575ஐ வெளியே திறக்கவே திறக்காதீர்கள்.

எல்லாம் நிலைக்கு வந்தபோது வீடு மாற வேண்டி வந்தது. புது வீட்டு இணைப்பை முன்கூட்டியே சோதித்தபோது, ஃபார்வர்டிங் எல்லாம் சரியாக வைத்தும் வெளியிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. இந்தத் தடவை பெயரைத் திட்டவில்லை. ரவுட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி என்று இருந்த நம்பரைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. வெளிமுகவரியைச் சொல்லும் தளத்தில் பார்த்தால் வேறு நம்பர். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சிஜிநாட்டுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. நம் ரவுட்டருக்கு வெளியே நிறுவனத்தின் ரவுட்டர் இன்னொன்று நிற்கிறது, அதில் நாம் எதையும் திறக்க முடியாது. டைனமிக் டிஎன்எஸ்ஸும் உதவாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்கலாம், கிடைத்தால் அதுவே எளிது. எனக்குக் கிடைக்கவில்லை.

பொது ஐபியோடு வரும் வாடகைச் சர்வரான விபிஎஸ் ஒன்றைச் சின்னதாக எடுத்தேன். லேப்டாப்பிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் நிரலில் ஒரு தனி இணைப்பு, அதாவது சுரங்கம். விபிஎஸ்ஸின் 25565க்கும் 25566க்கும் வருவதையெல்லாம் சுரங்கம் வழியாக வீட்டுக்குத் தள்ளிவிடும் ஃபயர்வால் விதிகள். வீட்டுப் பக்கம்தான் இணைப்பைத் தொடங்குகிறது என்பதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ அமைப்பை மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் யாரும் விளையாடாத நேரத்தில் சுரங்கம் அடைத்துக்கொள்ளும். வீட்டு முகவரி வெளியே தெரியாமல் போனது கொசுறு லாபம்.

ஒரு வாரம் கழித்து, யாரோ ஒருவன் அடுத்தவர் கட்டிய கோட்டையை எரித்துவிட்டான் என்று அக்கா மகன் அவனை ஐபி முகவரியோடு சேர்த்துத் தடை செய்தான். அடுத்த நொடி எல்லாரும் வெளியே. சுரங்கம் வழியாக வரும்போது வந்தவர் முகவரி மாறி, சர்வரின் கண்ணுக்கு எல்லாருமே விபிஎஸ்ஸின் சுரங்க முகவரியான 10.0.0.1இலிருந்து வருவதாகத் தெரிந்திருக்கிறது. ஒருவனைத் துரத்தப் போய் ஊரையே துரத்திவிட்டான். தடையை நீக்கி, பெயரை வைத்து மட்டும் தடை செய்யச் சொன்னேன். பிறகு விபிஎஸ்ஸில் ஹெச்ஏப்ராக்ஸி என்ற ப்ராக்ஸி நிரலை வைத்து, உண்மையான முகவரியைச் சேர்த்து அனுப்பும் ப்ராக்ஸி புரோட்டோகாலை இயக்கினேன். நாங்கள் ஓட்டும் ‘பேப்பர்’ என்ற மைன்கிராஃப்ட் சர்வர் நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியும், அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும்.

சர்வர் வீடு மாறிய அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழைய இணைப்பு இன்னும் இரண்டு நாள் இருந்தது, அதனால் விபிஎஸ்ஸையும் சுரங்கத்தையும் பழைய வீட்டிலிருந்தபடியே விபிஎஸ்ஸின் நம்பரை வைத்துச் சோதித்து முடித்திருந்தேன். முந்தின நாளே டிடிஎல்லை 60 வினாடியாகக் குறைத்தேன். டைனமிக் டிஎன்எஸ் ஸ்கிரிப்ட்டை முதலில் நிறுத்தினேன், இல்லாவிட்டால் நான் எழுதியதை ஐந்து நிமிடத்தில் அது திருப்பி எழுதிவிடும். ஏ ரெக்கார்டில் ஒரே ஒரு நம்பரை மாற்றினேன். எஸ்ஆர்வி எதையும் தொடவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுப் புது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகினேன். குழுவில் “ஒரு மணி நேரம் பராமரிப்பு வேலை” என்று மட்டும் போட்டிருந்தேன். நம்பர் போடவில்லை.

அன்றைக்கு இரவு எட்டுப் பேரும் உள்ளே இருந்தார்கள். அக்கா மகனிடமிருந்து மட்டும் செய்தி வந்தது. “மாமா, பிங் கொஞ்சம் ஜாஸ்தியாகி லேட்டாகுதே, லேப்டாப் பக்கத்துல ஏதாவது மாத்தினீங்களா?”

“கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்” என்று பதில் போட்டேன்.